செயற்கை மூட்டின் ஒலியும் மௌனமும்: ஒரு வரலாற்று நோக்கு

தேய்ந்துபோன முழங்கால் மூட்டின் மேற்பரப்புகளை அகற்றி, அவற்றினிடத்தில் உலோகமும் பிளாஸ்ரிக்கும் கொண்ட செயற்கை மூட்டினைப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அதற்குட்பட்டோர் பலர், பழைய நோவு தீர்ந்து நடமாடத் தொடங்கிய சில வாரங்களிற் புதியதொன்றை உணர்கின்றனர். படியேறும்போதோ, கதிரையிலிருந்து எழும்போதோ, படுக்கையிற் காலை நீட்டும்போதோ முழங்காலினுள் ‘டக்’ என்றொரு ஒலி எழுகின்றது. உள்ளே ஏதேனும் கழன்றுவிட்டதோ, உடைந்துவிட்டதோ என அவர்கள் அஞ்சுகின்றனர். “அது வழமையானது, பொருட்படுத்தவேண்டாம்” என்பதே பெரும்பாலும் வைத்தியர் கூறும் மறுமொழி. நோயாளியின் அச்சத்துக்கும் வைத்தியரின் மறுமொழிக்கும் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. மூட்டின் ஒலி ஒருகாலத்தில் உண்மையை உணர்த்தியது. பிறிதொரு காலத்தில் மூட்டின் மௌனம் உண்மையை மறைத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயற்கை மூட்டினைச் செவிமடுத்தோர்

உடலின் உள்ளுறுப்புகளைக் கண்ணாற் காண வழியில்லாத காலத்திற் செவியே அவற்றை அறியும் வாயிலாக அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிஞர் ரொபேட் ஹூக், இயந்திரமொன்றின் உட்பாகங்கள் இயங்குவதை அதன் ஒலிகொண்டு அறிவதுபோல, உடலின் உள்ளியக்கங்களையும் ஒலிகொண்டு அறியலாகும் எனக் கருதினார். அவர் 1703 இல் மறைந்தபின், 1705 இல் வெளிவந்த அவரது எழுத்துக்களில் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1816 இல், பிரெஞ்சு வைத்தியர் லெனெக் ஸ்ரெதஸ்கோப் எனும் செவிக்குழலை உருவாக்கியபோது அக்கருத்து நடைமுறையாயிற்று. ஆயினும் அக்கருவி நெஞ்சறைக்கே உரியதாயிற்று. நுரையீரலும் இதயமும் பேசியவற்றை வைத்தியருலகு கூர்ந்து கேட்டது. மூட்டுகள் பேசியவற்றை அரிதாகவே கேட்டது.

எனினும் மூட்டினைச் செவிமடுத்தோர் முற்றாக இல்லாமலில்லை. ஜேர்மானிய சத்திரசிகிச்சையாளர் ஹூற்றர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூட்டினுட் கழன்று திரியும் துண்டுகளை ஒலிகொண்டு கண்டறிய முயன்றார். 1902 இல் புளொட்ஜெற் முழங்கால் மூட்டின் ஒலிகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1929 இல் வோல்ற்றர்ஸ் அம்முயற்சியைத் தொடர்ந்தார். இவர்கள் அனைவரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஒன்றே: நோயுற்ற மூட்டு மாத்திரமன்றி நலமுள்ள மூட்டும் ஒலிக்கின்றது. ஒலியின் இருப்பு நோயின் இருப்புக்குப் போதிய சான்றாகாது.

நெட்டி முறிக்கும்போது விரல் மூட்டில் எழும் ஒலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1947 இல் இலண்டனில் ரொஸ்ரனும் ஹெயின்ஸும் அதனை எக்ஸ்கதிர்ப் படங்களின் துணையுடன் ஆராய்ந்தனர். 1971 இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் அன்ஸ்வேர்த், டௌசன், ரைட் ஆகியோர், மூட்டின் பாய்பொருளினுள் அமுக்கம் திடீரெனக் குறைவதனால் உண்டாகும் குமிழி மீண்டும் குலைவதே அவ்வொலிக்குக் காரணம் என்றனர். 2015 இல் கனடாவில் கௌச்சுக்கும் அவருடைய சகாக்களும் காந்த அதிர்வுப் படங்களின் மூலம் ஆராய்ந்து, ஒலி எழுவது குமிழி குலையும்போதன்று, உருவாகும்போது என்றனர். நாள்தோறும் கேட்கும் எளிய ஒலியொன்றின் பொருள் பற்றியே இத்துணைக் கருத்துவேறுபாடு நிலவியதெனில், செயற்கை மூட்டின் ஒலியை விளங்கிக்கொள்வது எளிதாயிராமை வியப்பன்று.

2. தந்தத்திலிருந்து அக்கிறிலிக்குக்கு

செயற்கை முழங்கால் மூட்டினை முதலிற் பொருத்தியவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் ஜேர்மானியரான தெமிஸ்தொக்கிலிஸ் குளுக் ஆவார். 1890 இல் பேர்லினில், காசநோயாற் சிதைந்த முழங்கால் மூட்டினை அகற்றி, யானைத் தந்தத்தாற் செய்த பிணைச்சலொன்றை அவர் அங்கு பொருத்தினார். கதவின் பிணைச்சலைப்போல ஒரே அச்சில் மடங்கி விரியும் அமைப்பு அது. காசநோய்க் கிருமி தங்கிய மூட்டுகளில் அத்தகைய பொருத்துகைகள் நிலைக்கவில்லை. கிருமித்தொற்று அம்முயற்சியைத் தோற்கடித்தது. முழங்காலில் அடுத்த குறிப்பிடத்தக்க முயற்சிகளுக்கு அரை நூற்றாண்டுக்குமேல் காத்திருக்கவேண்டியதாயிற்று. 1950களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டவரான வால்டியஸ் மீண்டும் பிணைச்சல் முறையைக் கையாண்டார்.

இவ்விடத்தில் முழங்காலை விட்டு இடுப்பு மூட்டுக்குச் செல்லவேண்டியுள்ளது. இன்றைய செயற்கை முழங்காலின் அடிப்படைப் பொருள்களும் கோட்பாடுகளும் முதலில் இடுப்பு மூட்டிலேயே உருவாகிப் பின்னர் முழங்காலுக்கு வந்தன. அவ்வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்ததும் ஓர் ஒலியே.

பாரிஸ் நகரின் ஜுடே சகோதரர்கள் 1946 இல், தொடையென்பின் தலையை அகற்றிவிட்டு அக்கிறிலிக்குப் பிளாஸ்ரிக்கினாலான தலையொன்றைப் பொருத்தும் முறையைத் தொடங்கினர். அம்முறை விரைவிற் பரவியது. நோவு தணிந்தோர் மகிழ்ந்தனர். ஆனால் அவர்களுட் சிலரின் இடுப்பு ஒலித்தது.

3. கிறீச்சொலி கற்பித்த பாடம்

இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரிற் பணியாற்றிய ஜோன் சாண்லி (1911 - 1982) 1950களில் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி அறிந்தார். அந்நோயாளி உடலை அசைக்கும்போதெல்லாம் அவரது அக்கிறிலிக்கு மூட்டு எண்ணெயிடாத கதவுபோலக் கிறீச்சிட்டது; அவ்வொலியைப் பொறுக்கமாட்டாத மனைவி அவருடன் ஒரே இடத்திலிருப்பதைத் தவிர்க்கலானார் எனக் கூறப்படுகின்றது. பிறர் இதனை வேடிக்கையாகக் கொண்டிருக்கக்கூடும். சாண்லி இதனைச் சான்றாகக் கொண்டார்.

அவரது சிந்தனை பின்வருமாறு அமைந்தது. இரு மேற்பரப்புகள் கிறீச்சிடுகின்றனவெனில் அவை வழுக்கவில்லை. ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக அதிர்கின்றன. அதாவது அவற்றினிடையே உராய்வு மிகுந்துள்ளது. உராய்வு மிகுந்தால், காலை அசைக்கும் விசை மூட்டின் மேற்பரப்பில் அடங்கிவிடாது. செயற்கைத் தலை என்பினுட் பொருந்தியுள்ள இடத்தையும் அது முறுக்கும். நாளடைவில் அப்பொருத்து தளரும். ஆகவே ஒலி என்பது செவிக்கு மாத்திரம் இடையூறான ஒன்றன்று. வரவிருக்கும் தளர்வின் முன்னறிவித்தலாகும்.

இயற்கை மூட்டு எவ்வாறு உராய்வின்றி இயங்குகின்றது எனும் வினா இதிலிருந்தே பிறந்தது. இயந்திரத் தாங்கிகளிற்போல, இயக்கத்தினாலேயே உருவாகும் பாய்பொருட் படலம் மூட்டு மேற்பரப்புகளைப் பிரித்து வைக்கின்றது என 1930களில் மக்கோனெயில் கூறியிருந்தார். சாண்லி இயற்கை மூட்டுகளிற் பரிசோதனை செய்து, அவற்றின் உராய்வு பனிக்கட்டிமீது வழுக்குவதிலும் குறைவாயிருப்பதைக் கண்டார். ஆனால் அவ்வழுக்குந்தன்மை குருத்தெலும்புக்கும் அதனை நனைக்கும் பாய்பொருளுக்கும் இடையிலான சிறப்புத் தொடர்பினால் விளைவது என்றும், அதே பாய்பொருள் அக்கிறிலிக்கின் மீதோ உலோகத்தின் மீதோ அப்பணியைச் செய்யாது என்றும் முடிவுசெய்தார். உடலின் பாய்பொருளை நம்பாது, தன்னியல்பிலேயே வழுக்கும் பொருளைத் தேடவேண்டும் என்பது இதன் பேறாகும். ‘குறைந்த உராய்வு’ எனும் கோட்பாடு இவ்வாறு உருவாயிற்று. ஆய்வுகூடத்தின் கருவி காட்டாத வழியை ஒரு வீட்டில் எழுந்த கிறீச்சொலி காட்டியது.

4. மௌனம் மறைத்தது

சாண்லி தெரிந்தெடுத்த பொருள், ரெவ்லோன் எனும் வணிகப் பெயரால் அறியப்பட்ட பிளாஸ்ரிக் ஆகும். சமையற் சட்டிகளில் உணவு ஒட்டாதிருக்கப் பூசப்படுவதும் அதுவே. அதனிலும் வழுக்கும் திண்பொருள் அரிது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1962 வரை, இலங்காசயரின் ரைட்டிங்ரன் வைத்தியசாலையில் ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு ரெவ்லோன் குழியுடைய இடுப்பு மூட்டுகள் பொருத்தப்பட்டன. விளைவு தொடக்கத்தில் வியக்கத்தக்கதாயிருந்தது. நோவு நீங்கியது, அசைவு மீண்டது, கிறீச்சொலி இல்லை. மூட்டு மௌனமாயிருந்தது.

அம்மௌனத்தினுள்ளே அழிவு நடந்துகொண்டிருந்தது. ரெவ்லோன் வழுக்கியதே தவிர, தேய்வுக்கு ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் உலோகத் தலை பிளாஸ்ரிக் குழியைத் துளைத்துச் சென்றது. தேய்ந்துதிர்ந்த துகள்களை உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்த்தது; மூட்டினைச் சூழ்ந்த இழையங்கள் சீர்கெட்டன; என்பும் அரிக்கப்பட்டது. நலமடைந்தோராக வீடு திரும்பியவர்கள் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு வரநேர்ந்தது. சாண்லி ரெவ்லோனின் தன்மையை அறியும்பொருட்டு அதன் மாதிரிகளைத் தமது தொடையிலேயே பதித்துக்கொண்டார். அவை அங்கு எதிர்த்தாக்கத்தைத் தோற்றுவித்தமையை 1963 இல் அறிவித்தார். தம் நோயாளர்பால் அவர் கொண்ட பொறுப்புணர்ச்சிக்கு இது சான்றாகும்.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1962 இல் விற்பனையாளர் ஒருவர் ரைட்டிங்ரனுக்குப் புதிய பிளாஸ்ரிக் துண்டொன்றைக் கொணர்ந்தார். நெசவாலை இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட அப்பொருள், அன்றாட வழக்கிற் பொலித்தீன் எனப்படுவதன் உறவுப்பொருள். மூலக்கூற்று நிறை மிக உயர்ந்த பொலியெதிலீன். சாண்லி அதனை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. ஆயினும் அவருடைய தொழினுட்ப உதவியாளர் ஹரி கிறேவன் அதனைத் தேய்வுப் பரிசோதனை இயந்திரத்திற் பொருத்தி இயங்கவிட்டார். மூன்று வாரங்களின் பின்னும் அது, ரெவ்லோன் ஒரே நாளிற் தேய்ந்த அளவுக்குத் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அதனாலான குழி முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உராய்வில் ரெவ்லோனுக்குச் சற்றுப் பின்தங்கினும் தேய்வில் அது பன்மடங்கு உறுதியானது. உலோகத்துக்கு எதிரே பொலியெதிலீன் எனும் இச்சேர்க்கையே அடுத்து வந்த செயற்கை முழங்காலின் உயிர்நாடியாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். ஒலி உராய்வைக் காட்டிற்று. ஆனால் தேய்வைக் காட்டவில்லை. கிறீச்சிட்ட மூட்டு தன் குறையை வெளியிட்டது; வழுக்கிய மூட்டு தன் குறையை மறைத்தது. இயந்திரப் பகுதிகளின் உராய்வையும் தேய்வையும் வழுக்கலையும் ஒருங்கே ஆராயும் துறைக்கு ஆங்கிலத்தில் 1966 இல் ‘றைபொலொஜி’ எனப் புதுப்பெயர் வழங்கப்பட்டது. செயற்கை மூட்டும் அத்துறையின் ஆய்வுப்பொருள்களுள் ஒன்றாயிற்று.

5. முழங்கால் ஏன் ஒலிக்கின்றது?

ரைட்டிங்ரனில் சாண்லியிடம் பயின்ற கனேடியரான கன்ஸ்ரன், முழங்கால் ஒரே அச்சில் மடங்குவதில்லை. மடங்குந்தோறும் அச்சு இடம்பெயர்கின்றது எனும் உண்மையைக் கருத்திற்கொண்டு, 1968 அளவில் உலோகத்தாலும் பொலியெதிலீனாலுமான பிணைச்சலற்ற முழங்கால் மூட்டினை உருவாக்கினார். நியூயோர்க்கில் இன்சோல், இந்தியாவிற் பிறந்த ரணாவத், பொறியியலாளர் வோக்கர் ஆகியோர் 1970களின் நடுப்பகுதியில் நடைமுறைக்குக் கொணர்ந்த அமைப்பு, தொடையென்பின் இரு முனைகளையும் உலோகத்தாலும் கணைக்காலென்பின் மேற்பரப்பைப் பொலியெதிலீனாலும் மூடியது. இன்றைய செயற்கை முழங்கால்களுட் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

ஒலிக்கான முதற் காரணம் இவ்வமைப்பிலேயே உள்ளது. இயற்கை முழங்காலிற் குருத்தெலும்பும் பிறைவடிவத் தட்டுகளும் மெத்தைபோல அதிர்வை உள்வாங்குகின்றன. செயற்கை மூட்டில் அவை இல்லை. மூட்டினைப் பிணைக்கும் நார்கள் இயக்கத்துக்கு இடங்கொடுக்கும் அளவுக்குச் சற்றே நெகிழ்ந்திருத்தல் வேண்டும். முற்றாக இறுக்கினாற் கால் மடங்காது. அந்நெகிழ்வினால் உலோகம் பிளாஸ்ரிக்கிலிருந்து மிகச் சிறிதளவு விலகி, நிறை ஊன்றப்படும்போது மீண்டும் வந்து பொருந்துகின்றது. அப்பொருந்துதலே ‘டக்’ ஒலியாகும். சத்திரசிகிச்சையின் பின் தொடைத் தசை மெலிந்திருப்பதும் மூட்டினுள் வீக்கநீர் தேங்கியிருப்பதும் அவ்விலகலை மிகுவிக்கின்றன. தசை வலுப்பெற்று வீக்கம் வடியுந்தோறும் பலரிடத்து ஒலி குறைவதன் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் 1978 இல் வந்தது. இன்சோலும் பொறியியலாளர் பேர்ஸ்ரீனும் உருவாக்கிய புதிய அமைப்பில், அகற்றப்பட்ட பின்புறக் குறுக்கிணையத்தின் பணியைச் செய்வதற்காகப் பிளாஸ்ரிக்கின் நடுவே ஒரு முளையும், அதனை எதிர்கொள்ள உலோகத்தில் ஒரு குறுக்குச் சட்டமும் அமைக்கப்பட்டன. கால் மடங்கும்போது முளையும் சட்டமும் ஒன்றையொன்று முட்டுகின்றன. இத்தகைய மூட்டிற் சில வேளைகளில் எழும் ஒலி குறைபாட்டினால் விளைவதன்று. மூட்டு தனக்குரிய பணியைச் செய்வதன் விளைவேயாகும்.

ஆயின் அதே அமைப்பு வேறொரு ஒலியையும் தோற்றுவித்தது. முழங்காற் சில்லின் மேல்விளிம்பை அடுத்துத் தசைநாணின் உட்புறத்தில் நார்த்தன்மையான கட்டியொன்று சிலரிடத்து வளர்ந்தது. கால் மடங்கியிருக்கையில் அது உலோகத்தின் நடுப்பள்ளத்தினுட் புகுந்து, காலை நீட்டும்போது சிக்கிப் பின்னர் விடுபட்டது. அவ்வேளையில் நோவும், கனத்த ‘டொக்’ ஒலியும், சில்லு துள்ளுவது போன்ற உணர்வும் உண்டாயின. 1989 இல் ஹொசாக்கும் அவருடைய சகாக்களும் இதனைத் தனியொரு நோய்நிலையாக விவரித்தனர். அக்கட்டியை அகற்றுவதால் இது தீரும். பின்னர் உலோகப் பள்ளத்தின் வடிவம் திருத்தப்பட்டமையால் இந்நிலை அருகியது. நோயாளர் கூறிய ஒலி, அமைப்பின் வடிவத்தையே மாற்றிய இரண்டாவது சந்தர்ப்பமாக இதனைக் கொள்ளலாம்.

மறுபுறத்தில், 1977 இல் வில்லேர்ட்டும் செம்லிற்சும் பொலியெதிலீன் துகள்களும் மூட்டினைச் சூழ்ந்த இழையத்திற் தாக்கம் விளைவிப்பதை எடுத்துரைத்தனர். இத்துகள்களால் என்பு அரிக்கப்படுவது ஆண்டுக்கணக்கில் ஒலியுமின்றி நோவுமின்றி நிகழக்கூடும். ரெவ்லோனின் பாடம், மெதுவான நடையில் மீண்டும் வந்தது. ஒலியே இல்லாத மூட்டினையும் காலந்தோறும் எக்ஸ்கதிர்ப் படம்பிடித்து நோக்கும் வழக்கத்தின் தேவையை இது உணர்த்துகின்றது.

6. ஒலிக்கப்பாற்பட்ட உணர்வுகள்

செவிக்கு எட்டுவனவற்றோடு தோலுக்கும் உள்ளத்துக்கும் எட்டுவனவும் உள. முழங்காலின் முன்புறத்தே நெடுக்காக இடப்படும் வெட்டு, உட்புறத்திலிருந்து குறுக்கே ஓடும் சிறிய தோல்நரம்பின் கிளைகளைத் தவிர்க்க இயலாவகையில் அறுக்கின்றது. ஆதலின் தழும்பின் வெளிப்புறத்தே ஒரு பகுதி மரத்துப்போகின்றது. மாதங்கள் செல்ல அப்பரப்புச் சுருங்கினும் சிலரிடத்து முற்றாக மறைவதில்லை. முழந்தாளிட்டு வழிபடுவோரும் முழந்தாளூன்றித் தொழில்செய்வோரும் இதனை நன்குணர்வர். புண் ஆறும் காலத்திற் குருதியோட்டம் மிகுவதால் முழங்கால் சில மாதங்கள் வரை மறுகாலிலும் வெம்மையாயிருப்பதும் உண்டு. எழுந்து நடக்கத் தொடங்கும்போது தோன்றும் விறைப்பும், ஏதோ அந்நியப் பொருள் உள்ளிருப்பது போன்ற எண்ணமும் அத்தகையனவே.

நீண்டகாலமாக இச்சத்திரசிகிச்சையின் வெற்றி, கால் எத்தனை பாகை மடங்குகின்றது, எக்ஸ்கதிர்ப் படத்தில் மூட்டு நேராயுள்ளதா, எத்தனை ஆண்டு நிலைத்தது என்பனவற்றாலேயே அளக்கப்பட்டது. நோயாளி என்ன உணர்கின்றார் என்பது அளவீட்டுக்குப் புறம்பாயிருந்தது. 2012 இல் பெரெண்டும் அவருடைய சகாக்களும் புதியதொரு வினாக்கொத்தை வெளியிட்டனர். ‘மறக்கப்பட்ட மூட்டு’ எனும் கருத்தை அடிப்படையாகக் கொண்ட அதன் பன்னிரு வினாக்களும், படுக்கையிலும் படியிலும் நடையிலும் செயற்கை மூட்டின் நினைவு எழுகின்றதா என்பதையே வினவுகின்றன. நலமுள்ள மனிதன் தனக்கு முழங்கால் உண்டென்பதை நினைப்பதில்லை. அந்த மறதியே நலத்தின் உயர்ந்த அளவுகோல் என்பது இதன் உட்பொருள். ஒவ்வோரடியிலும் ‘டக்’ எனும் மூட்டு, தீங்கற்றதாயினும், தன்னை மறக்கவிடுவதில்லை. ‘வழமையானது’ எனும் ஒரு சொல்லால் நோயாளியின் கவலை தீராமைக்குக் காரணம் இங்கேயே உள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் புலப்படுவது யாதெனின், செயற்கை மூட்டின் ஒலி தனித்து நின்று பொருள் தருவதில்லை என்பதாம். ஜுடே மூட்டின் கிறீச்சொலி கேட்டை அறிவித்தது. ரெவ்லோன் மூட்டின் மௌனம் கேட்டை மறைத்தது. இன்றைய முழங்காலின் ‘டக்’ ஒலி பெரும்பாலும் கேட்டினை உணர்த்துவதன்று. நோவின்றி, வீக்கமின்றி, கால் தடுமாறாது எழும் ஒலி அஞ்சத்தக்கதன்று. முன்னில்லாத ஒலி புதிதாகத் தோன்றி நோவுடனோ, வீக்கத்துடனோ, சிக்கலுடனோ, நிலைதளர்வுடனோ கூடிவரின் அது ஆராயத்தக்கது. காய்ச்சலும் செந்நிறமும் புண்ணிலிருந்து நீர் கசிதலும் ஒலி எதுவும் இல்லாதபோதும் உடனடிக் கவனத்தை வேண்டுவன.

இவ்வரலாறு வைத்தியருலகுக்கும் ஒன்றை உணர்த்துகின்றது. சாண்லியின் கோட்பாட்டுக்கு வித்திட்டது, ஒரு நோயாளியின் வீட்டில் கேட்ட ஒலி. சில்லின் அடியில் வளர்ந்த கட்டியை முதலில் அறிந்ததும் அதனைச் சுமந்தவரின் செவியும் விரலுமே. மூட்டினோடு இரவும் பகலும் வாழ்பவர் நோயாளியே. அவர் கேட்டதாகக் கூறுவதை வைத்தியர் கேட்டறிந்து, அதன் காரணத்தை அவருக்கு எடுத்துரைப்பாராயின், தீங்கற்ற ஒலி அச்சமூட்டாது. தீங்குள்ள ஒலி புறக்கணிக்கப்படவும் மாட்டாது.